நெருப்பு வைத்த ஃப்ரிட்ஜ்

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜை வைத்து இரண்டு மாதம் வாக்குவாதம் நடந்தது. சமையலறை ஃப்ரிட்ஜைப் பற்றியல்ல. அது பாட்டுக்கு மூலையில் உறுமிக்கொண்டு நின்றது. வேனுக்குள் எந்த ஃப்ரிட்ஜை வைப்பது என்பதுதான் வழக்கு.

வேன் அப்பாவுடையது. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வண்டி. அதற்கு வயதாகிவிட்டது, இனிப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா வேறு வண்டி எடுத்தார். பழையதைக் கொடுக்க மனம் வரவில்லை. சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பலகைக் கட்டில் அடித்தார். ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, வீட்டக் காலி பண்ணிட்டு இதுலயே இருக்கப் போறீயளா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பா அடுத்த ஆணியை அடிப்பார்.

எல்லாம் தங்கைக்காகத்தான். அவளுக்கு ஆறு வயது. நாலு வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. தினமும் நாலு ஊசி. மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். ஒரு தடவை ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ஃப்ளாஸ்கில் போட்ட ஐஸ் பாதி வழியிலேயே தண்ணீராகிவிட்டது. சித்திரை மாத வெயிலில் அந்தத் தண்ணீரும் கொதித்தது. கெட்டுப்போனது தெரியாமல் அம்மா அந்த மருந்தையே போட்டுவந்தாள். மறுநாள் மத்தியானம் தங்கை ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கினாள். வாயிலிருந்து அழுகின பழ வாசம் வந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்கப்புறம் அம்மா பக்கத்து ஊர் கோயில் கொடை விழாவுக்குக்கூட எங்களை அனுப்புவதில்லை. இரண்டு வருஷமாக நாங்கள் எங்கேயும் போகவில்லை. “என் பிள்ளைய வீட்டுக்குள்ள பூட்டி வைக்கவா பெத்தேன்?” என்று அப்பா ஒரு நாள் சத்தம் போட்டார். அடுத்த வாரம் வேன் சீட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

சித்தப்பா ஜங்ஷன் பக்கம் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிறவர். பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரெஸர் ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி வைக்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அப்பா வேறொன்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மலைமேல் மூடிப்போன ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து வைத்திருந்த பெட்டி. கரண்ட் இல்லாத இடம் என்பதால் கேஸில் ஓடுவது. அதற்குள் மோட்டார் கிடையாது. அடியில் ஒரு சின்ன பர்னர் எரியும். அந்தச் சூட்டில் குழாய்க்குள் அடைத்த அம்மோனியா கிளம்பி ஓடி, மேலே பெட்டியைக் குளிர வைக்கும். நெருப்பு ஐஸ் செய்யும் என்று அப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. மறுநாள் காலையில் அவர் உள்ளேயிருந்து ஒரு கிண்ணம் ஐஸ் எடுத்துக் காட்டியதும் எனக்கு அந்தப் பெட்டியிடம் பயம் வந்துவிட்டது.

“ஏலே, ஒன் கம்ப்ரெஸர் பேட்டரியக் குடிச்சிட்டுப் படுத்துட்டுன்னா என்ன செய்வ?” என்றார் அப்பா. “மருந்தும் போச்சு, வண்டியும் கிளம்பாது. இது சிலிண்டர் இருக்க மட்டும் நிக்காது. துளி சத்தம் கெடையாது. பிள்ள தூங்கும்.”

“ஒரு பேட்டரி போதலன்னா இன்னொண்ணு வைக்கலாம்ணே. நெருப்புக்கு என்ன வைப்பீய?” என்றார் சித்தப்பா. “மட்டமான தரையில நிக்கணும், சாஞ்சா குளிராது. பொகை வெளிய போணும். பெரிய ஹால்ல இருந்த பெட்டியக் கொண்டாந்து இத்துனூண்டு வண்டிக்குள்ள வைக்கீய.”

“பொகைக்கு ஓட்டை போடுதேன்லே. எனக்குத் தெரியாதா?”

தம்பி சொல்லி அண்ணன் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் பெட்டியை நிறுத்தி, அதன் பின்னால் வண்டியின் தகட்டில் இரண்டு கை அகலத்துக்குச் சதுரமாக வெட்டி, கம்பிவலை அடித்தார் அப்பா. ஓடும்போது நெருப்பை அணைத்துவிடுவது, நிறுத்தியதும் ஏற்றுவது என்று ஏற்பாடு. பர்னருக்கு முன்னால் ஒரு சின்ன துவாரம் உண்டு. குனிந்து பார்த்தால் நெருப்பு நீலமாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அப்பா எனக்குக் கொடுத்தார்.

“நீலமா எரியுதான்னு அப்பப்பம் பாக்கணும், என்ன? அணைஞ்சா மருந்து கெட்டுரும்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். என் மனசில் அது வேறு மாதிரி விழுந்தது. நெருப்பு அணைந்தால் மருந்து கெடும். மருந்து கெட்டால் தங்கைக்கு மூச்சு வாங்கும். அப்படியானால் நெருப்பு அணைந்தால் தங்கை செத்துப்போவாள். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் பயணம் பாபநாசத்துக்கு. ஐப்பசி மாதம். சித்தப்பா ஒரு பெட்டி நிறைய ஐஸ் கட்டியோடு கூடவே வந்து ஏறினார். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல வண்டியை எடுத்தார். அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை கறுத்து நின்றது. கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றோரம் மருத மரத்தடியில் சமதரையாகப் பார்த்து நிறுத்தினார்கள். அப்பா சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, பெட்டியின் நெருப்பை ஏற்றினார். ஆற்றில் குளித்தோம். தங்கை முதல் தடவையாக மீனுக்குப் பொரி போட்டாள். அம்மா சிரித்ததைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது, யாரோ வேறு அம்மாவைப் பார்ப்பதுபோல.

மத்தியானம் மழை பிடித்தது. அப்பாவும் சித்தப்பாவும் சாப்பாடு வாங்க ஒரே குடையில் கடைப்பக்கம் போனார்கள். அம்மா ஜன்னல்களை இழுத்து மூடி, கதவையும் சாத்திவிட்டுத் தங்கையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். நான் தரையில் குப்புறப் படுத்து நெருப்பைப் பார்த்தேன்.

அது துடித்தது. பின்னால் ஓட்டை வழியாக மழைக்காற்று ஊதிக்கொண்டே இருந்தது. நீலம் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு நூலாகி, மறுபடி எழுந்தது. அம்மாவை எழுப்பலாம், எழுப்பினால் பயந்துவிடுவாள், உடனே வீட்டுக்குப் போகலாம் என்பாள், அப்புறம் இந்த வண்டியே கிடையாது. ஈரத் துண்டு ஒன்று கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சுருட்டி, பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே கையை விட்டு, ஓட்டையில் இடைவெளி இல்லாமல் திணித்தேன்.

நெருப்பு அடங்கியது. துடிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் நீலம் போய் மஞ்சளாகி, சாமி விளக்கைப் போல அசையாமல் நின்றது. எனக்கு அவ்வளவு நிம்மதி. வேலையைச் சரியாகச் செய்தவளைப் போலத் தலையணையில் சாய்ந்தேன்.

எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று தெரியாது. தலைக்குள் யாரோ இடிப்பதுபோல வலித்தது. தங்கை வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்து, “சுகர் எறங்கிட்டு போல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தங்கையின் விரலைக் குத்தி மெஷினில் பார்த்தாள். பார்த்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சரியாத்தானட்டி இருக்கு,” என்றாள் என்னிடம். குரல் குழறியது. “சரியாத்தான் இருக்கு, பொறவு ஏன் கண்ணத் தொறக்க மாட்டேங்கா?”

அம்மா எழுந்து நிற்கப் பார்த்தாள். கால் மடங்கி, கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தங்கையின் முகம் விளையாடிவிட்டு வந்ததுபோல நல்ல சிவப்பாக இருந்தது. அம்மா கையை மட்டும் கதவுப் பக்கம் நீட்டினாள். “தொற… தொறட்டி.”

அந்தக் கதவைத் தூக்கி இழுத்தால்தான் நகரும். அப்பாவுக்குத்தான் அது வரும். நான் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. நெருப்பு அணைந்துவிட்டது, அதனால்தான் இப்படி என்று நினைத்துத் தவழ்ந்துபோய்த் துவாரத்தில் பார்த்தேன். மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. எரிகிறதே, அப்புறம் ஏன் தங்கை சாகிறாள்? என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு பயத்தை அதற்குமுன்பும் அறியேன், அதற்குப் பின்பும் அறியேன். செய்யவேண்டியதைச் செய்தும் நடக்கக் கூடாதது நடந்துகொண்டிருந்தது.

டிரைவர் சீட்டுக்குத் தவழ்ந்து போனது ஞாபகம் இருக்கிறது. ஹாரனை அழுத்தினேன். கைக்குப் பலம் இல்லாமல் போனதும் அதன்மேலேயே நெஞ்சைச் சாய்த்துவிட்டேன். அது நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து வைதுகொண்டேதான் அப்பா வந்தாராம். கதவைத் திறந்ததும் வசவு நின்றுவிட்டது. சித்தப்பா சோற்றுப் பொட்டலங்களைச் சேற்றில் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார்.

“வெளிய தூக்குங்கண்ணே! மொதல்ல பாப்பாவத் தூக்குங்க! மைனி, எந்திரிங்க, எந்திரிங்க மைனி!”

மழையில் எங்களை வரிசையாகக் கிடத்தினார்கள். தண்ணீர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. சிலிண்டரை மூடிவிட்டுச் சித்தப்பா வண்டியின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தார். அப்பா தங்கையை மடியில் போட்டுக்கொண்டு அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, “ஏட்டி, பாப்பா, அப்பாவப் பாரு,” என்றார். வேறு எதுவுமே சொல்லவில்லை, அதையே சொன்னார். சாவி அவர் கையில்தான் இருந்தது, ஆனால் பிள்ளையை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. சித்தப்பா பிடுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். திறந்த கதவு வழியாக மழை உள்ளே அடிக்க, அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எங்கள் மூன்று பேர் மூக்கிலும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அடைத்த இடத்தில் நெருப்பு எரிந்தால் வரும் புகை விஷம், இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் சின்னப்பிள்ளை கிடைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். சாயங்காலம் தங்கை கண்ணைத் திறந்து, மீனுக்குப் பொரி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா அப்போதுதான் அழுதாள்.

நான் தேறி, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சுவரைப் பார்த்து நின்றார். சித்தப்பா வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்த் திரும்பினார். அவர் கையிலிருந்த பைக்குள் அந்தத் துண்டு தெரிந்தது. ஒரு விளிம்பு மஞ்சளாகக் கருகியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எப்படிலே ஆச்சு? ஓட்டை பெருசாத்தானடே போட்டேன்?” என்றார் அப்பா.

“மழைக்காத்து எதுத்தாப்ல அடிச்சிருக்குண்ணே,” என்றார் சித்தப்பா. “பொகை வெளிய போகாம உள்ளயே திரும்பிட்டு. யாரு மேலயும் தப்பு இல்ல.”

அப்பா தலையை ஆட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாம், ஆனால் சித்தப்பா எனக்காக ஒரு சுவர் எழுப்பிவிட்டார், அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அவ்வளவு சுகமாக இருந்தது.

வேன் இரண்டு மாதம் தார்ப்பாயின் கீழ் நின்றது. அந்தப் பெட்டியைச் சித்தப்பா எடுத்துக்கொண்டு போனார். என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா காலையில் பள்ளிக்கூட வேனை எடுக்குமுன் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டுத்தான் உட்காருவார், மழையானாலும். பிள்ளைகள் நனைகிறார்கள் என்று புகார் வந்தது. இனி எங்கும் போகவேண்டாம் என்று அம்மா சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அம்மாதான் ஒருநாள் சித்தப்பாவைக் கூப்பிட்டு, “கொழுந்தனாரே, அந்தச் சத்தம் போடுததையே பாருங்க,” என்றாள்.

சித்தப்பா போனில் இரண்டு படங்களைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டுமே கம்ப்ரெஸர். ஒன்று மேலே திறப்பது, குளிர்ச்சி கீழேயே தங்கும். இன்னொன்று அலமாரி மாதிரி முன்னால் திறப்பது. எதுவானாலும் தனியாக ஒரு பேட்டரியும், கூரையில் சோலார் தகடும் வைத்துவிடலாம் என்றார். அப்பா படத்தைப் பார்த்தார். மெல்லப் போனை வாங்கி, என் பக்கம் நீட்டினார்.

“நீ சொல்லு. எத வாங்கலாம்?”

கேலி பண்ணுகிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பதிலுக்குக் காத்திருந்தார். நான் மேலே திறப்பதைத் தொட்டுக் காட்டினேன். “சரி, அப்பம் அதுதான்,” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அதைத்தான் வாங்கினார்கள். ராமேஸ்வரம் வரைக்கும்கூட அது எங்களோடு வந்தது.

மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் அப்பா என்னைக் கேட்டுத்தான் ஃப்ரிட்ஜ் வாங்குகிறார் என்று. நான் பெரியவளாகிவிட்டேன், அதனால்தான் கேட்டார் என்று மனசார நம்பினேன். கேட்டது என் புத்தியை நம்பி அல்ல. தன்னுடையதை நம்ப முடியாமல் போன ஒரு மனிதர் கேட்டது அது. அவருக்கு அப்படி ஆகக் காரணம் நான்தான் என்பது விளங்க எனக்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று.