கொள்ளில் சிக்கிய சிவப்புக் கார்

என் மாமன் மகன் ஒரு புளுகன். போன மாதம் தண்டலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தான் ஏறாத காரில் ஏறியதாகச் சொன்னான். அதற்குப் பொன்னாடையும் வாங்கிக்கொண்டான்.

போர்த்திய பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எல்லோரும் ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். ஷிப்ட் முடிந்ததும் ரோட்டோரம் நின்று, மாற்றிக் கட்டிய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் எது போனாலும் போனில் படம் பிடிக்கிறார்கள். நல்ல பழக்கம். இந்தப் பக்கத்தில் முதலில் இப்படிக் கார் பார்த்தது யார் என்று விசாரித்திருக்கிறார்கள். இவன் போய் முன்னால் நின்றுவிட்டான்.

நடந்ததைச் சொல்கிறேன். 1991. எங்கள் ஊர் மண்ணூர். நெடுஞ்சாலை ஓரம் ரேஸ் ட்ராக் புதிதாக வந்திருந்தது. ரேஸ் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராஸ் பணக்காரர்கள் விதவிதமான கார்களில் வருவார்கள். உள்ளே போகும் எண்ணமே எங்களுக்குக் கிடையாது. வருகிற வழியில் பார்த்தால் போதும். நெடுஞ்சாலையில் போலீஸ் விரட்டும் என்று, நானும் மாமன் மகனும் ஒரே சைக்கிளில் வல்லக்கோட்டைப் பக்கம் போய்விடுவோம். தாம்பரத்துக் கார்களில் சில ஒரகடம் வழியாக அங்கே வரும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. முதலில் பார்த்தவன் ‘நம்முது’ என்று கத்த வேண்டும். கத்திவிட்டால் அந்தக் கார் அவனுடையது. உன் வண்டி எப்படி இருக்கிறது என்றுதான் மற்றவன் அவனைக் கேட்க வேண்டும். அம்பாசிடர் கணக்கில் சேராது. அவனிடம் ஒரு வெள்ளைக் காரும் ஒரு நீலக் காரும் இருந்தன. என்னிடம் ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே என்னை வெறுப்பேற்றுவான்.

அன்று தை மாத வெயில். கொள்ளு அறுத்து, செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் மணி தானாகக் கழன்றுவிடும். ஒரு அம்மா புளியமர நிழலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. நான் கத்திவிட்டேன்.

அது வந்த அழகை இன்று முழுக்க எழுதலாம். அகலமான டயர், பின்னால் இறக்கை, சொம்பு வாய் அளவுக்கு சைலன்சர் குழாய், கண்ணாடியெல்லாம் கறுப்புக் காகிதம். ஸ்பிரிங்கை வெட்டி, வயிறு ரோட்டை உரசும் அளவுக்கு இறக்கியிருந்தார்கள். லாரி சும்மா ஏறிப் போகிற கொள்ளுச் செடி இந்தக் காரின் வயிற்றில் சுற்றிக்கொண்டது. கார் நடு ரோட்டில் நின்றது. சூடான குழாயில் காய்ந்த செடி பட்டுப் புகை வந்தது.

மாமன் மகன் ஓடிப் போய் ஏரிக்கரை மேல் ஏறிக்கொண்டான். நான் அந்த அம்மாவின் அரிவாளை வாங்கி, ரோட்டில் படுத்து, அடியில் கைவிட்டு அறுத்து அறுத்து இழுத்தேன். கை பொரிந்தது. ஆனாலும் ஒரு ஜப்பான் காரின் அடிவயிற்றை அத்தனை கிட்டத்தில் பார்த்தவன் அன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

அந்த அம்மா விடவில்லை. “இன்னாய்யா காரு இது? எங்கூட்டுக் கொள்ளக் கூட தாண்ட மாட்டேங்குது. சும்மா போவாத, நாலு வாட்டி முன்னயும் பின்னயும் ஏத்திட்டுப் போ” என்றார்.

ஓட்டி வந்தவர் நல்ல மனிதர். சிரித்துவிட்டார். ட்ராக் வரைக்கும் ஒருத்தர் ஏறலாம், ஒரு இடம்தான் காலி என்றார். நான் கரையைப் பார்த்தேன். அவன் இறங்கவே இல்லை. அங்கிருந்தே சொன்னான்:

“நீதான பாத்த, நீயே போ மச்சான். வழில வெடிச்சிதுன்னா அத்தைக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

அத்தை என்றால் என் அம்மா. அவ்வளவு அக்கறை.

நான் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் மூச்சு விட்டேனா என்று தெரியாது. நெடுஞ்சாலையில் ஏறியதும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ட்ராக் வாசலில் இறங்கி மண்ணூருக்கு நடந்தே வந்தேன். பஸ் வந்தது. ஏற மனமில்லை. இன்று கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். சொந்தக் கார் இல்லையே என்று ஒரு நாளும் வருந்தியதில்லை. எனக்கு வேண்டியது அன்றே கிடைத்துவிட்டது. எனக்கென்று கிடைத்த அந்த ஒன்றைத்தான் இவன் மைக்கில் எடுத்துக்கொண்டான். அவன் காரில் போனானாம். நான் கரையில் நின்று பயந்தேனாம்.

அன்று சாயங்காலமே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேகம், சத்தம், எல்லாம். உள்ளே பார்த்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் அது இருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டியவரும் சிரித்தார். அது என்னவென்று இங்கேயும் எழுத மாட்டேன். எழுதினால் படித்துவிட்டுச் சொல்வான். கியர் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அது எல்லாக் காரிலும் உண்டு.

மாமன் மகனே, உன்னைத்தான் கேட்கிறேன். அதே மண்டபம், அதே பையன்கள், அதே மைக். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே வா. அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் என்ன இருந்தது? எல்லோர் முன்னாலும் சொல்.