பிலோ அக்கா ரசிக்காத கவிதை

பிலோமினா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் வலங்கைமான் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒன்பது மாத மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தடுப்பூசி வரிசையில் நின்றிருந்தேன். என்னிடமும் அக்காவிடமும் ஆங்கிலம் படித்து, இப்போது கும்பகோணத்தில் நர்ஸாக இருக்கும் ரோஸி போன் செய்தாள். "மேம், பிலோ மேம் போயிட்டாங்க மேம். காலையில எந்திரிக்கவே இல்லையாம்." நான் பதில் சொல்வதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. மகளின் தொடையில் ஊசி இறங்கியது. அவள் போட்ட கூச்சலில் என் அழுகை எங்கோ ஒதுங்கிக்கொண்டது. இன்றுவரை அது சரியாக வெளியே வரவில்லை. கோபம்தான் வந்துகொண்டிருக்கிறது.

இதைத் தாமதமாகத்தான் எழுதுகிறேன். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு பங்குக் கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் எனக்கு இரண்டு நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பாதியில் மகள் சிணுங்க ஆரம்பித்தாள். நெற்றி சுடுகிற மாதிரி இருந்தது. வெளியே தூக்கிப்போய்க் கழுத்தையும் வயிற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று மனம் ஒத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் எனக்கு முன்னால் பேசியவர் சொன்னதே கடைசிச் சொல்லாக நின்றுவிட்டது. பிலோ அக்காவை அறிந்த நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டுத் தலையாட்டினீர்கள். ஆகவே உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

பேசியவர், நானும் அக்காவும் வேலை பார்த்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரின் முதலாளி. "மேடம் ரொம்பச் சாந்தமானவங்க. ஒருத்தர் மனசு நோகப் பேச மாட்டாங்க" என்று ஆரம்பித்தார். பூசையில் எல்லோருக்கும் கொடுத்த நினைவு அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு பக்கம் அக்காவின் படம். மறுபக்கம், வழக்கமாக வேத வசனம் இருக்கிற இடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் ஒருவரின் பன்னிரண்டு வரிகள், சுருள் சுருளான ஆங்கில எழுத்தில். இறந்தவர்களை நாம் இழக்கவில்லை, அவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள், அழுவது நம் அறியாமை என்பது அந்த வரிகளின் சாரம். "இந்தக் கவிதைய மேடம் எவ்வளவு ரசிச்சு நடத்துவாங்க தெரியுமா!" என்றார் முதலாளி. கல்லறையிலும் இதையே செதுக்கப்போகிறார்கள் என்றும் அறிவித்தார்.

ரசித்தாரா? அந்தக் கவிதையை அக்கா வகுப்பில் சொன்னபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்தது சென்டர். ஊரே விமானம் ஏறத் துடித்த காலம் அது. வளைகுடாவுக்குப் போகிற நர்ஸ்கள், அமெரிக்க மாப்பிள்ளைக்கு நிச்சயமான பெண்கள், சிங்கப்பூர் வேலைக்குக் காத்திருந்த டிப்ளமா பையன்கள் என்று எல்லோரும் எங்கள் மாடிப்படி ஏறினார்கள். கூட்டம் சேர்ப்பதற்காக முதலாளி 'அமெரிக்கன் இங்கிலீஷ்' என்று போர்டு மாட்டினார். அக்கா அதை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள், தான் எம்.ஏ. படித்தபோது வைத்திருந்த பழைய அமெரிக்கக் கவிதைத் தொகுப்போடு வந்துவிட்டார்.

"இன்டர்வியூல கவிதையா மேடம் கேப்பான்?" என்றார் முதலாளி.

"கேக்க மாட்டான் சார். ஆனா இதுங்க வாயத் திறக்கணும்ல? 'ஐ ஆம் ஹார்ட் ஒர்க்கிங்' தவிர வேற ஒண்ணும் வர மாட்டேங்குது. கோபம் வந்தா வரும்."

அதுதான் அவர் முறை. ஒரு கவிதையைப் படிப்பார். பொருளைத் தமிழில் சொல்வார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "இந்த ஆளு சொல்றத ஒத்துக்கிறியா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். கவிநயம், உவமை என்று யாராவது ஆரம்பித்தால் எரிந்து விழுவார். "அத கைடுல போட்டிருக்கான். நீ சொல்லு." கடல் தாண்டிப் போவதன் மகிழ்ச்சியைப் பாடிய ஒரு கவிதைக்குத்தான் ரோஸி முதன்முதலாக வாயைத் திறந்தாள். அவள் அப்பா ரோஸியின் ஐந்து வயதிலிருந்து மஸ்கட்டில் இருந்தார். எழுந்து நின்று, "நோ மேம்! ஹீ இஸ் கோயிங் ஹாப்பி. ஹூ இஸ் சிட்டிங் இன் ஹவுஸ்? ஆஸ்க் தெம்!" என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "கிராமர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இன்னும் திட்டு" என்றார். சாந்தமானவராம்!

நீங்கள் கொண்டாடும் அந்தப் பன்னிரண்டு வரிகளும் இப்படித்தான் வகுப்புக்கு வந்தன. அக்கா அவற்றைப் புத்தகம் பார்க்காமலே சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முடித்ததும் மேஜையில் தட்டினார். "பொய். அழகா இருக்கறதால தப்பிச்சிக்கிட்ட பொய். அந்தக் காலத்துல அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு புள்ள செத்தது. பெத்தவ கூச்சல் போட்டா பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தூக்கம் கெடும்ல? அதான் இப்படிப் பாட்டெழுதி வாயை அடைச்சான்." எத்தனையோ கவிதைகளை அவர் கிண்டல் செய்திருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் முகம் சிவக்க, கண் கலங்கத் திட்டினார். அது ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அதை 'ரசித்து' என்று எந்த அகராதியும் சொல்லாது.

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு மறு வருடம் தெரிந்தது. என் முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் இறந்தது. கணவர் குவைத்திலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். கடவுளே எடுத்துக்கொண்டார், நல்ல ஆத்மா, இருந்தால் கஷ்டப்பட்டிருக்கும், உனக்கு வயசிருக்கிறது. அவர்கள் மேல் குற்றமில்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. குற்றம்தான். என் குழந்தை ஏதோ பஸ் மாறிப் போய்விட்ட மாதிரி பேசினார்கள்.

பிலோ அக்கா வந்தார். என் கையைப் பிடிக்கவில்லை, தலையைத் தடவவில்லை. எதிரில் உட்கார்ந்து, "இது அநியாயம், சுமதி. யாரு என்ன சொன்னாலும் சரி, இது அநியாயம்" என்றார்.

என் மாமியாருக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, நீ ஆறுதல் சொல்ல வந்தியா, கொளுத்திவிட வந்தியா?"

"ரெண்டுக்கும்தாங்கம்மா."

அவர் போன பிறகுதான் நான் ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட்டேன். இப்போது என் மகள் தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறவளாக இருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். அக்கா ஒருநாளும் சிரித்ததில்லை. "பாத்துக்கோ. பாக்கறதுல என்ன தப்பு?" என்பார்.

அப்படிப்பட்டவரின் தலைமாட்டில் அந்தக் கவிதையா? கல்லில் செதுக்கிவிட்டால் நாளைக்கு யார் போய் இல்லை என்று சொல்வது? கூட்டம் முடிந்த மறு வாரம், மகளைத் தூக்கிக்கொண்டு தாராசுரத்திலிருக்கும் அவர் தம்பி ஆரோக்கியசாமி அண்ணன் வீட்டுக்கே போய்விட்டேன். பல வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அட்டையை அச்சடித்தவர், கல்லுக்குச் சொல்லியிருப்பவர் எல்லாம் அவர்தான்.

"வாம்மா, உக்காரு. புள்ளைக்குக் காத்தாடி போடட்டா?"

"வேண்டாண்ணே, சளி புடிக்கும். நான் சண்டை போடத்தான் வந்தேன். இந்தக் கவிதை அக்காவுக்குச் சுத்தமாப் பிடிக்காது. பொய்னு வகுப்புல சொன்னாங்க. இதப் போய்க் கல்லுல வைக்கிறீங்களே?"

அவர் கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டார். "பொய்னா சொன்னா?"

"ஆமா."

அண்ணன் என் மகளைப் பார்த்தபடியே சொன்னார். "எங்கம்மா செத்தப்ப நான் ஷார்ஜாவுல இருந்தேன். பாஸ்போர்ட் அங்க முதலாளிகிட்ட. ஆளு இல்ல, போகக்கூடாதுன்னுட்டான். போன் கார்டு வாங்கிட்டு வந்து வீட்டுக்குப் பேசினேன். அம்மாவ நடுவீட்ல கெடத்தியிருக்காங்க. அக்காகிட்ட சொன்னேன், போன வச்சிடாத, ஏதாவது சொல்லிக்கிட்டே இருன்னு. மொதல்ல ஜெபம் சொன்னா. பாதியில அழுது நின்னுட்டா. அப்புறம் இத சொல்ல ஆரம்பிச்சா. காலேஜ்ல படிச்சப்ப வாய்விட்டுப் படிப்பா, நான் பக்கத்துல படுத்துக் கெடந்து கேட்டதுதான். அழாம சொன்னா. திரும்பத் திரும்பச் சொன்னா. கார்டு தீர்ந்து கட்டாகிற வரைக்கும்."

நான் சண்டை போட வந்தவள். மனதுக்குள் வருடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அந்தச் சென்டர் ஆரம்பிப்பதற்கு முன்பே அவர்கள் அம்மா இறந்துவிட்டார். அதாவது, வகுப்பில் மேஜையைத் தட்டிப் பொய் என்று கத்திய பெண், அதற்கு முன்பே அந்தப் பொய்யைத் தன் தாயின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணீரை விழுங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறார். எனக்கு முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது. என்னிடம் அநியாயம் என்று சொன்ன வாய் தம்பியிடம் ஏன் அதைச் சொல்லவில்லை? பிறகு உறைத்தது. சொல்லியிருந்தால் அண்ணன் என்ன செய்திருப்பார்? ஷார்ஜாவில் ஆறு பேர் படுக்கிற அறையில், கையில் பாஸ்போர்ட் இல்லாமல், அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்? எனக்குக் கோபப்பட ஒரு வீடாவது இருந்தது. தாய் முகத்தைப் பார்க்க ஒருவனை அனுப்பாத அந்த ஷார்ஜா முதலாளி நிம்மதியாகத் தூங்கியிருப்பான். அவன் செய்ததை மூடி மெழுகும் வேலை இங்கே தாராசுரத்தில் ஒரு பெண்ணின் வாய்க்கு வந்து சேர்ந்தது. அந்தப் பன்னிரண்டு வரிகளை அவர் ஏன் அவ்வளவு வெறுத்தார் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

"சரிண்ணே, செதுக்குங்க" என்றேன். "ஆனா அவங்களே ஊருக்குச் சொன்ன மாதிரி இருக்கக் கூடாது. உங்களுக்குச் சொன்னதுன்னு கீழ போடுங்க."

"என் பேரையா? ஏம்மா, எனக்கும் சேத்து இப்பவே கல்லு நட்டுட்ட மாதிரி இருக்காது?"

அன்று இரண்டு பேருமே சிரித்தோம். பேர் வேண்டாம், 'தம்பிக்குச் சொன்னது' என்று மட்டும் போடலாம் என்று முடிவாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை கல் வைத்தார்கள். பன்னிரண்டு வரிகளுக்கும் கீழே, தமிழில், அந்த இரண்டு சொற்கள் இருக்கின்றன. முதலாளி வந்திருந்தார். அவர் அதைப் படித்துவிட்டு, "இது எதுக்கு?" என்று கேட்டார். இந்தக் கட்டுரை அவருக்கும் பதில்தான். பிலோமினா அக்கா சாந்தமானவர் அல்ல. அவர் இந்தக் கவிதையை ரசித்தவர் அல்ல. ஒரே ஒரு மனிதனுக்காக, வேறு வழியில்லாமல், தனக்குப் பிடிக்காத ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னவர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இனி இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என்னிடம் தங்கிவிட்டது, அவர் வகுப்பில் கேட்ட அந்தக் கேள்வி. அச்சில் வந்ததாக இருக்கட்டும், பெரியவர்கள் சொன்னதாக இருக்கட்டும், எதைப் படித்தாலும் எதைக் கேட்டாலும் நான் இதை ஒத்துக்கொள்கிறேனா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். என் மகளுக்கும் இதைப் பழக்குவேன்.

அன்று எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கலைந்த பிறகு, அண்ணன் கல்லுக்கு முன்னால் நின்று அந்தக் கவிதையை வாய்விட்டுப் படித்தார். உச்சரிப்பு அங்கங்கே இடறியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மகளின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். அந்தக் கவிதையில் ஒரு வரியைக்கூட நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.