ஒரு கப் உப்புத் தண்ணீர்

பிள்ளைகளே, சிப்ஸ் கம்பெனியில் புது மிஷினை அப்பா ஏன் ஓட்டவில்லை, ஏன் காய் உரிக்கிறார் என்று கேட்டீர்கள். மிஷின்மேல் குறை ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் அந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷம் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் பொரித்தேன். காயை எண்ணெயில் சீவிவிட்டு, சத்தம் அடங்கி வரும்போது ஒரு கப் உப்புத் தண்ணீரை மேலே ஊற்ற வேண்டும். எண்ணெய் சீறும், தண்ணீர் வற்றி உப்பு மட்டும் காயில் பிடிக்கும். புது மிஷினில் குழாயே உப்புத் தண்ணீரை அளந்து தெளிக்கும், கேமரா நிறம் பார்க்கும், ரோபோ கை கூடையைத் தூக்கிக் கவிழ்க்கும். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும். அது நான்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார், சம்பளமும் கூடும்.

சோதனை ஓட்டத்தன்று இன்ஜினியர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய்ச் சத்தம் அடங்கியது. என் கை பழக்கத்தில் பக்கத்து உப்புத் தண்ணீர் டேங்கிலிருந்து ஒரு கப் மொண்டு ஊற்றிவிட்டது. குழாய் அதற்கு முன்பே தெளித்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

முதல் சிப்ஸை வாயில் போட்ட முதலாளி துப்பினார். உப்புத் தண்ணீர் கலக்கிய அக்காவைக் கூப்பிட்டார்.

"கடலைக் கோரிட்டு வந்தியா?"

"எழுதித் தந்த அளவுதான் மொதலாளி. வேணும்னா டேங்கை நக்கிப் பாருங்க."

"வாயை மூடு. நாளையிலருந்து வராண்டாம்."

கோளாறு குழாயிலோ என்று இன்ஜினியர் அதைக் கழற்றத் தொடங்கினார். அரை மணி நேரம் போயிற்று. அக்கா சாப்பாட்டுத் தூக்கை எடுக்கப் போனபோதுதான் என் வாய் திறந்தது.

"மொதலாளி, நாந்தான் ஒரு கப் ஊத்தினேன். சத்தம் அடங்கிச்சு, கை தன்னால போயிட்டு."

"ஓய், நீரு மிஷினுக்கும் ஊட்டி விடணுமாக்கும்? உம்ம நம்பி இதை எப்படி விடுவேன்?"

அக்காவைப் போக வேண்டாம் என்று நிறுத்தி, மிஷினை அவளிடம் ஒப்படைத்தார். அளவு தவறாதவள் என்று இன்ஜினியரும் சொன்னார். சரிதான்.

அக்கா என்னிடம் வந்து, "ஊத்தின உடனே சொன்னா என்ன தம்பி? அம்புட்டு ஏச்சும் நானல்லவா கேட்டேன்" என்றாள்.

எல்லோரும் சாயா குடிக்கப் போனார்கள். எனக்கு இனி மிச்சம் உரிக்கும் வேலைதான். நான் அந்த மேசைக்குப் போய், காய்க்கறை பிடிக்காமலிருக்க இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, ஒரு காயை எடுத்து உரித்துப் பார்த்தேன்.