மஞ்சள் பெயின்ட்டில் மூன்று விரல்

என் வீட்டுக் கிணற்று ஷெட்டில் விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. நானே செய்தது. 1991-இல் ஒரகடத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சைக்கிள் மிதித்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களுக்கு என் மனைவி மோர் கொடுத்தே அலுத்துப் போனாள்.

அதற்குத் தேவையும் இருந்தது. ரோட்டோரம் காற்றில் சாய்ந்த ஒரு புளியமரத்தை நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் பங்கு போட்டுக் கொண்டிருந்தோம். என் பங்கு முழுக்க அடிமரம். கோடாலியைப் போட்டால் கோடாலிதான் எகிறியது. எங்கள் ஊருக்கு விறகு பிளக்க வருகிற ஆள் அந்த வருஷம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்து காக்கிச் சட்டை போட்டுக்கொண்டார். கூப்பிட்டால், டூட்டி இருக்கிறது என்றார். அடுப்புக்கு விறகில்லை என்று மனைவி தினமும் என் காதைத் தின்றாள்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பிரஸ் ஷாப்பில், அதாவது தகடு அழுத்தும் பிரிவில், மெஷின் நின்றால் கூப்பிடுவது என்னைத்தான். அந்த வருஷம் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸைக் கழித்துக்கட்டி, பிரித்து, பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினார்கள். குன்றத்தூர் ரோட்டில் இருந்த அந்தக் கடைக்குப் போய் அதன் சிலிண்டரையும், எண்ணெய் பம்பையும், பட்டன் பெட்டியையும் நான் எடுத்து வந்தேன். வேறு எத்தனையோ சிலிண்டர்கள் அங்கே கிடந்தன. இதையே ஏன் எடுத்தேன் என்று கேட்டால், இதன் பழுதெல்லாம் எனக்கு அத்துப்படி என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில், பழைய மெஷின் சாமான் என்று மட்டும் சொன்னேன்.

செய்வது கஷ்டமாக இல்லை. இரண்டு இரும்புத் தூண். நடுவே சிலிண்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அதன் பிஸ்டன் முனையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்த ஆப்பு. கீழே கட்டையை நிற்க வைத்துப் பட்டனை அழுத்தினால் ஆப்பு இறங்கும், கட்டை இரண்டாகும். காலையில் த்ரீ பேஸ் கரண்ட் வரும்போது கிணற்று மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றி இந்தப் பம்புக்கு மாட்டிவிடுவேன். அடிமரம் முதல்முறை விரிந்தபோது உள்ளே ஈரச் சிவப்பாக இருந்தது. என் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

அந்த சிலிண்டரின் வயிற்றில் ஒரு பட்டை இருந்தது. மஞ்சள் பெயின்ட். மூன்று விரலால் இழுத்தது. மற்ற மெஷின்களுக்கெல்லாம் ஆயுத பூஜைக்குச் சந்தனம்தான் பூசுவார்கள். எண்ணெய் பட்ட இரும்பில் சந்தனம் நிற்காது, மறுநாளே உதிர்ந்துவிடும். முந்தின வருஷம் மூன்றாம் நம்பரை ஓட்டியவன், என் மெஷினுக்கு வருஷம் பூரா பட்டை இருக்க வேண்டும் என்று சொல்லி, ரயிலிங்குக்கு அடிக்க வைத்திருந்த மஞ்சள் பெயின்ட்டில் விரலை முக்கி இழுத்துவிட்டான். சூப்பர்வைசர் திட்டினார். அவன் அதே மூன்று விரலை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே சிரித்தான்.

பூஜை முடிந்து மூன்றாவது வாரம் அந்தக் கை போய்விட்டது. மணிக்கட்டோடு.

அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தனை நேரம் சுற்றி வளைத்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது என்பது கணக்கு. ஆனால் தகடு நகரும், ஒரு கை அதைப் பிடிக்க வேண்டும், பீஸ் எண்ணிக்கை வர வேண்டும். அதனால் ஓட்டுகிறவர்கள் ஒரு பட்டனை ரப்பர் டியூபால் கட்டிவிடுவார்கள். சூப்பர்வைசர் வந்தால் உருவிவிடுவார்கள். எல்லாருடைய பெட்டியிலும் ஒரு ரப்பர் துண்டு கிடக்கும். கொஞ்சம் நெருக்கமானவர்கள் ஃபிட்டரிடம் வருவார்கள். ஃபிட்டர் பேனலைத் திறந்து, உள்ளேயே ஒரு சின்ன ஒயரால் அந்தப் பட்டனின் இரண்டு முனையையும் சேர்த்துவிடுவான். வெளியே ஒன்றும் தெரியாது.

அவனும் என்னிடம் வந்து, "ஃபிட்டரண்ணா, ஒண்ண கட்டி வுடு" என்றான். டீ நேரத்தில் கட்டிவிட்டேன். ஒரு விரல் நீளச் சிவப்பு ஒயர். அவன் எனக்கு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் சத்தம் கேட்டு ஓடினேன். வால்வைத் திருப்பி பிஸ்டனைத் தூக்கியது நான்தான். அவனை வேனில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் வாசல் பக்கம் ஓடினார்கள். ஷாப்பில் நான் மட்டும் நின்றேன். பேனலைத் திறந்து அந்த ஒயரைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். திருகாணியைத் திரும்ப ஒழுங்காக முடுக்கியிருந்தேன். யோசிக்காதவன் முடுக்க மாட்டான்.

விசாரணையில் மெஷின் சரியாக இருந்தது. அவன் பெட்டியில் ரப்பர் டியூப் இருந்தது. அவனே கட்டினான், அவன் தப்பு என்று எழுதினார்கள். வேலை போயிற்று. இடது கையில் பேனா பிடிக்கத் தெரியாமல் இடது பெருவிரல் ரேகை வைத்தான். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். மெஷினில் கோளாறு இல்லை என்று ஃபிட்டர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.

இப்போது என் இயந்திரத்துக்கு வருகிறேன். முதலில் அதற்கு ஒரே பட்டன்தான் வைத்தேன். விறகுதானே என்ற நினைப்பு. ஒருநாள் கட்டை சாய்ந்தது, மனைவி கையை நீட்டி அதை நிமிர்த்தினாள். என் விரல் பட்டன் மேல் இருந்தது. நான் அழுத்தவில்லை. ஆனால் ஆப்புக்குக் கீழே அவள் வளையல் கை. அதற்கு மேலே, சிலிண்டருக்கு நான் அடித்த சாம்பல் பெயின்ட்டுக்கு அடியில் அந்தப் பட்டை. இரண்டு கோட்டிங் அடித்தும் மூன்று கோடும் மேடாகத் தெரிந்தன. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். பீடி தேடுவதுபோல் பாக்கெட்டைத் துழாவினேன்.

மறுநாள் இரண்டாவது பட்டனைப் போட்டேன். அடுத்த வாரம் இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தேன். முழங்கையாலோ முட்டியாலோ அழுத்திவிடக் கூடாது என்று ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் ஒரு குழாய்த் துண்டை வெல்டிங்கில் பற்ற வைத்தேன். விரல் உள்ளே போனால்தான் பட்டன் அழுந்தும். வேகத்தைக் குறைத்தேன். முன்னால் கம்பி வலை. மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, நாளுக்கு நாள் கெயவனாவுது? ஒரு கட்ட பொளக்கறதுக்குள்ள நான் சோறே வடிச்சுடுவேன்."

"பத்திரமா இருக்கட்டும்" என்றேன்.

"வெறவுக்கு இன்னா பத்திரம்? உள்ள பூந்து யாரு படுக்கப் போறாங்க?"

எரிந்து விழுந்தேன். அவள் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சத்தத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிஸ்டன் அடி தொட்டதும் ஒரு 'டக்', பிறகு எண்ணெய் திரும்பும்போது ஒரு நீண்ட மூச்சு. எண்ணெயை மாற்றினேன், அடியில் டயர் வைத்தேன். அதே டக், அதே மூச்சு. ஷாப்பில் அன்றைக்குக் கேட்டதும் அதுதான். பயமாக இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போய் ஓட்டினேன்.

ஒரு ஞாயிறு காலை மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டி நிறைய வேலங்கட்டை. இறங்கியவன் அவன்தான். சட்டையின் வலது கையை மடித்துப் பின் குத்தியிருந்தான். பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கணக்குப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"தங்கச்சி கல்யாணம்ணா. சமையக்காரரு சன்னமா பொளந்து குடுன்னு சொல்றாரு. யாரோ ஃபிட்டரு மெஷினு வெச்சிகினு கீறாருன்னாங்க. நீயாதான் இருப்பேன்னு வந்தேன்."

நானே பிளந்து தருகிறேன், நீ உட்கார் என்று சொல்லி மோட்டாரைப் போட்டேன். அவன் உட்காரவில்லை. ஷெட்டுக்குள் போய் மெஷினைச் சுற்றி வந்தான். சிலிண்டர்மேல் இடது கையை வைத்தான். தடவிக்கொண்டே வந்த கை ஓரிடத்தில் நின்றது. அந்த மூன்று மேட்டின்மேலும் இடது கையின் மூன்று விரலை வைத்துப் பார்த்தான்.

"நம்ம மூணாம் நம்பரு" என்றான்.

அவன் பட்டன்களைப் பார்த்தான். இடது பட்டனின் குழாய்க்குள் விரலை விட்டான். வலது குழாய்க்குள் மொட்டையான வலது கை நுழையுமா என்று ஒருமுறை வைத்துப் பார்த்தான். நுழையவில்லை.

"என் வூட்டுக் கல்யாணம்ணா, நானே பொளக்கறேன். இந்த மொட்டக் கையால கட்டையப் புடிச்சிக்கிறேன். ஒண்ண கட்டி வுடு."

அதே வார்த்தைதான். தெரிந்துதான் சொன்னானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

ஷெட் மூலையில் ஒரு தீப்பெட்டிக்குள் அந்த ஒயரை வைத்திருந்தேன். ஏன் எறியவில்லை என்று எனக்குத் தெரியாது. அதை எடுத்து அவன் முன்னால் திறந்தேன். நான்தான் பிடுங்கினேன், உன்னை வேனில் ஏற்றும்போதே பிடுங்கிவிட்டேன் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றான். "நான்தானே கட்டச் சொன்னேன்? எவன் கட்டுனான், எவன் கட்டுனான்னு மூணு வாட்டி கேட்டாங்க. ஒவ்வொரு வாட்டியும் உன்னப் பாத்தேன். நீ தலையத் தூக்கவே இல்ல."

"ஏன் என் பேரச் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு நெனச்சேன்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தீப்பெட்டியிலிருந்து ஒயரை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இதையே போட்டுக் கட்டு."

என்னால் முடியாது என்றேன். அழுதேன் என்று நினைக்கிறேன். வலது பட்டனுக்குள் என் விரலை விட்டுக்கொண்டு நின்றேன். அவன் ஒயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு கட்டையை நிற்க வைத்தான். இடது பட்டனுக்கு வந்து அழுத்தினான். நான் அழுத்தினேன். டக். கட்டை விரிந்தது. வண்டி காலியாகும் வரை அப்படியே இரண்டு பேரும் ஆளுக்கொரு கையால் ஓட்டினோம். ஒவ்வொரு முறையும் அவன் முதலில் அழுத்திவிட்டு, என் விரலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பான். நான் அழுத்துகிற வரை ஆப்பு இறங்காது.

விறகை ஏற்றி முடித்ததும், கம்பெனியில் போய் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"என்னைய எதுக்குக் கேக்கற? வந்து சொல்லுன்னு நான் உன்னக் கூப்ட மாட்டேன். நீயா போய்ச் சொல்லணும்." ஒயரைத் தீப்பெட்டியில் போட்டு என் உள்ளங்கையில் வைத்தான். "கல்யாணத்துக்கு வாண்ணா. அண்ணியையும் கூட்டிகினு வா."

மறுநாள் முதல் ஷிஃப்ட். தீப்பெட்டி சட்டைப் பையில் இருந்தது. மேனேஜர் அறையைத் தாண்டித்தான் பிரஸ் ஷாப்புக்குப் போக வேண்டும். கதவு திறந்திருந்தது, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூத்த மகளின் படிப்பை நினைத்தேன், வேலையை நினைத்தேன், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். தாண்டிப் போனேன். ரிட்டையர் ஆகும் வரை தினமும் தாண்டிப் போனேன். கல்யாணத்துக்கும் போகவில்லை.

வீட்டுக்கு காஸ் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இயந்திரத்தை ஏன் வைத்துக்கொண்டு அழுகிறீர்கள், எடைக்குப் போடுங்கள் என்று மனைவி சொல்கிறாள். அவன் போன பிறகு அதில் கடைசியாக ஒரு மாற்றம் செய்தேன். வலது பட்டனைக் கழற்றி, புது ஒயர் இழுத்து, ஷெட்டின் எதிர்ச் சுவரில் பொருத்தினேன். ஒரே ஆளால் இரண்டையும் எட்ட முடியாது. எப்போதாவது காலையில் பெல்ட்டை மாட்டி மோட்டாரைப் போட்டுவிட்டு, இடது பட்டனை அழுத்திக்கொண்டு நிற்கிறேன். அவன் நின்ற இடம் அதுதான். எதிர்ச் சுவரில் அழுத்த வேண்டியவன் நான். ஆப்பு இறங்குவதில்லை.