இழுவண்டி

என் தம்பி குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவன். குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அவன் குரல் பழக்கம். திட்டித் தீர்க்க வரிந்துகட்டிக்கொண்டு கூப்பிடுகிறவர்கள்கூட, கடைசியில் வீட்டு விலாசத்தோடு முழங்கால் வலியையும் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். பிறந்ததிலிருந்தே அவனுக்குப் பார்வை கிடையாது. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாக வேலைக்குப் போய்த் தனியாகத் திரும்புவான். உதவுகிறேன் பேர்வழி என்று யாராவது கையைப் பிடித்தால் மட்டும் முகம் மாறிவிடும்.

அவன் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். பகல், இரவு என்று வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். அவள் உண்டாகியிருந்தபோதே இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். விடுப்பு முடிந்ததும், அவளுக்குக் காலை வேலை இருக்கும் நாட்களில் தம்பி குழந்தையை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு அலுவலகம் போவான். என் வீடு நாலு தெரு தள்ளித்தான். அதற்கு ஒரு தள்ளுவண்டி வேண்டும். ஊசி போட, டாக்டரிடம் காட்ட என்று போய்வர என் கார் இருக்கிறது. அதில் பொருத்த குழந்தைக்கான கார் சீட் ஒன்றும் வேண்டும்.

இதைக் கேட்டதிலிருந்து அவன் மாமனாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். சாலை என்றால் என்ன, அதில் போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. மகளை எட்டாம் மாதத்தில் பார்க்க வந்தவர், தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"மாப்பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சிரமம்? நான் சும்மாதானே இருக்கேன். நானே வந்து குழந்தையைக் கொண்டுபோய் விட்டுட்டுப் போறேன்."

"தாராளமா வாங்க மாமா. ஆனா குழந்தையை நான்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றான் தம்பி. குரலில் கோபம் இல்லை. புகார் எண்ணைச் சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னான்.

மறுவாரம் மாமனாரையும் சேர்த்து நால்வரும் என் காரில் கடைக்குப் போனோம். கடை முழுக்கக் குழந்தைச் சாமான்கள். தள்ளுவண்டிகள் மட்டுமே ஒரு சுவரோரம் நீளத்துக்கு நின்றன. விற்பனைப் பெண் நல்லவள்தான், ஆனால் பேச்செல்லாம் என் தம்பி மனைவியிடமே. "சாருக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேளுங்க மேடம்" என்றாள்.

"அவர் இங்கதானே நிக்கிறார், அவர்கிட்டயே கேளுங்க" என்றாள் இவள்.

"சத்தம் போடாத கலரா இருந்தா போதும்மா" என்றான் தம்பி. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவனிடமே பேசினாள்.

முதலில் காட்டிய மூன்று சக்கர வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு விரலால் தள்ளலாம் என்றாள். தம்பி அதைச் சுற்றிவந்து, சக்கரம், பிரேக், வார் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தான். பிறகு கைப்பிடிப் பக்கம் போய், வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, கோலை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் வண்டியைத் தனக்குப் பின்னால் இழுக்க ஆரம்பித்தான். நாலு எட்டு வைப்பதற்குள் சக்கரம் குதிகாலில் இடித்தது. திருப்பும்போது வண்டி அடம்பிடித்தது.

"தள்ளுறதுக்குத்தான் சார் இது" என்றாள் அந்தப் பெண்.

"எனக்குத் தள்ளுறது ஒத்துவராது. தள்ளினா குழந்தைதான் முதல்ல பள்ளத்துல இறங்கும். நான் முன்னாடி போகணும். நானும் என் கோலும் பார்த்த வழியில அது வரணும்."

கடையில் அவ்வளவு பேர் இருந்தும், அந்த நொடியில் மாமனார் முகத்தைத்தான் நான் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அந்தப் பெண்ணுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. வெறும் வண்டியை இழுத்தால் ஒன்றும் தெரியாது என்று தம்பி சொன்னதும், உள்ளே போய்த் தண்ணீர் பாட்டில் கட்டு ஒன்றைத் தூக்கிவந்து இருக்கையில் வைத்து, குழந்தைக்குப் போடுவதுபோல் வாரும் போட்டாள். ஒவ்வொரு வண்டியாக இழுத்துப் பார்த்தான். ஒன்று கவிழப் பார்த்தது. ஒன்று நல்ல வண்டி, ஆனால் தரையில் கரகரவென்று கத்தியது. சாலைச் சத்தம் தனக்குக் காதில் விழ வேண்டும் என்று ஒதுக்கிவிட்டான். கடைசியில், கைப்பிடியை முன்பக்கமாக மடக்கிக்கொள்ளும் வண்டி ஒன்று மூலையில் கிடைத்தது. கைப்பிடியை நீட்டவும் முடியும். திரும்பும் சக்கரங்கள் அவன் பக்கம் வந்துவிட்டதால், கையை அசைத்த பக்கமெல்லாம் கன்றுக்குட்டிபோல் கூடவே வந்தது. கடைக்கு வெளியே நடைபாதையில் இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். மேலாளர் சரி என்றார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்க, தண்ணீர் பாட்டில்களை ராஜகுமாரிபோல் உட்காரவைத்து, தெருக்கோடிவரை இழுத்துப் போய்த் திரும்பிவந்தான். தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தள்ளுவண்டி வாங்க வந்து இழுவண்டி வாங்கிப் போகிறோம் என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கார் சீட்டைத் தேர்ந்தெடுத்தவர் மாமனார். கைக்குழந்தை காரின் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும், திடீரென்று பிரேக் போட்டால் கழுத்து தாங்காது என்று அடித்துச் சொன்னார். பொருத்துவதில்தான் சிக்கல். நானும் கடைப் பெண்ணும் காருக்குள் மல்லுக்கட்டி ஒருவழியாகப் பொருத்தினோம். அவர் ஒரு கையால் ஆட்டினார். ஆடியது. தம்பி உள்ளே ஏறி, அந்தப் பெண்ணை விளக்கத்தாளை மெதுவாகப் படிக்கச் சொன்னான். அவள் படிக்கப் படிக்க, பெல்ட் நுழையும் இடங்களை விரலால் தேடி, முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு, பெல்ட்டை இழுத்தான். 'டக்' என்ற சத்தம் எங்களுக்கே கேட்டது. மாமனார் இரண்டு கையாலும் ஆட்டினார். கார்தான் ஆடியது. அப்போதும் தம்பி விடவில்லை. கழற்றிவிட்டு, படிக்கச் சொல்லாமலே மறுபடி பொருத்தினான். மாமனார் அவன் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து தம்பி மனைவி வேலைக்குப் போன முதல் நாள், நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். தெருமுனையில் முதலில் கோல் தெரிந்தது, பிறகு தம்பி, அவன் பின்னால் வண்டி. அதற்கும் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரு மரத்தை ஒட்டி மாமனார்.

தம்பி நின்றான். "மாமா, வீட்டுல இருந்தே உங்க செருப்புச் சத்தம் கேக்குது. ஒளிஞ்சு வராதீங்க, கூட வாங்க" என்றான்.

அவர் அசடு வழிய வந்து சேர்ந்துகொண்டார். ஆனால் வண்டியைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்துவந்தார். வாசலில் வார்களை அவிழ்த்து குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று தம்பி கிளம்பிவிட்டான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மாமனார் மட்டும் கொஞ்சம் நின்றார். "எத்தனையோ பேர் வண்டி ஓட்டிப் பாத்திருக்கேன்மா. இந்த நிதானம் யாருக்கும் வராது" என்றார். மறுநாளிலிருந்து அவர் பின்தொடர்ந்து வரவில்லை. அதற்குப் பதில் தன் நண்பர்களிடம் மாப்பிள்ளை பெருமையை அளக்க ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி.

இப்போது பிள்ளை எதிரில் தெரியும் அப்பாவின் முதுகோடு வழியெல்லாம் வாயாடிக்கொண்டு வருகிறாள். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், கோலும் வண்டியுமாக வருவது யார் என்று கேட்பதுண்டு. என் தம்பி என்பேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. உயரட்டுமே.