கறுப்பு உறைக்குள் மஞ்சள் மருந்து

கொரோனா இரண்டாம் அலையில் என் கணவர் பிழைத்து வந்தார். வீடு திரும்பிய சில நாட்களில் இடது கண்ணுக்குக் கீழே வீங்கிவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை உண்டு. கறுப்புப் பூஞ்சை என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை செய்து மூக்கின் உள்ளே அழுகியிருந்த சதையை எடுத்தார்கள். மீதியை ஆம்போடெரிசின் என்ற மருந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெயர் எனக்குப் பழக்கம். அடையாறில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் கார்பன் சங்கிலிகளைப் பாலியீன் என்போம். இந்த மருந்தும் அந்த வகைதான். என் வீட்டு ஆளுக்கே அது ஏறும் என்று நினைத்ததில்லை.

அவர் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா டீச்சர், மஞ்சத்தண்ணி ஏத்துறாங்க?"

"கேரட்டுக்கு நிறம் குடுக்குற மாதிரி சங்கிலி இதுலயும் இருக்குங்க. வெளிச்சம் பட்டா கெட்டுடும், அதான் மேல கறுப்பு உறை."

"உள்ள போய் இன்னா பண்ணும்?"

"பூஞ்சை செல்லைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கும். அதுல எர்கோஸ்டிரால்னு ஒரு கொழுப்பு. மருந்து அதைப் புடிச்சு ஓட்டை போடும். பூஞ்சை செத்துடும்."

"நமக்கு ஓட்டை போடாதா?"

அவரிடம் எனக்குப் பொய் வராது. "நம்ம செல்லுல இருக்கிறது கொலஸ்டிரால். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம் மாதிரி. மருந்து பூஞ்சையோடதைத்தான் அதிகமா தேடிப் போகும். கிட்னியையும் கொஞ்சம் தொடும்."

"அப்ப அதுக்குக் கண்ணு நல்லா தெரியணும்னு வேண்டிக்கோ" என்று பாதி முகத்தால் சிரித்தார்.

ஒரு நாள் மருந்து ஏறும்போது குளிர் நடுக்கம் கண்டு கட்டிலே ஆடியது. அவர் கால்களைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். "மோட்டார்ல போல்ட்டு கழண்டா மாதிரி கீது" என்றார், பற்கள் தந்தியடிக்க. பிறகு ரத்தத்தில், சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. மருந்தை நிறுத்தி, சலைன் கொடுத்து, மறுபடி தொடங்கினார்கள். நான் பாடம் நடத்திய மருந்தைப் பார்த்து நானே பயந்தேன்.

ஆனால் அது வேலை செய்தது. கண் தப்பியது, சிறுநீரகமும் மெல்லத் தேறியது. ஸ்கேன் சுத்தமாக வந்த அன்று அவரை ஸ்கூட்டரில் வைத்து ஊரூர் குப்பத்துக்கு மீன் வாங்கக் கூட்டிப்போனேன்.

"இன்னா நைனா, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்றாள் வழக்கமாக மீன் கொடுக்கும் அக்கா.

"ஊர்ல இல்லக்கா" என்றார் அவர், வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி. உடனே பேரம் பேசத் தொடங்கிவிட்டார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றேன்.