முருங்கை இலையும் இறாலும்

இங்கிலாந்தில், கொவென்றியில் எங்கள் சமையலறையில் நான் செய்கிற ஒரு வேலையை எங்கள் ஊர்ப் பக்கம், கல்முனையில் யாராவது பார்த்தால், இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கீரையைப் பொடியாக நறுக்கிப் பெரிய பானை நிறையத் தண்ணீரில் கொதிக்க விடுகிறேன். தண்ணீர் நல்ல பச்சையாக மாறியதும் அதை அப்படியே சிங்கில் ஊற்றுகிறேன். பிறகு புதுத் தண்ணீர், மறுபடி கொதிப்பு, மறுபடி சிங்க். கடைசியில் மிஞ்சுகிற நிறம் செத்த சக்கையில் ஒரு கரண்டியை மட்டும் கணவரின் தட்டில் வைக்கிறேன். கீரையின் சத்து வடிந்துபோன பிறகுதான் அவர் அதைத் தொடலாம். அந்தச் சத்துத்தான் அவரைக் கொல்லும் என்கிறார்கள்.

என் கணவர் றபீக்குக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷின்தான் அவர் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை மெஷினை விட்டு எங்கும் போக முடியாது. முதல் தடவை எங்களைச் சந்தித்த டயட்டீஷன் செம்பட்டை முடிக்கார இளம்பெண். மேசையில் இரண்டு பிளாஸ்டிக் பொம்மைகளை வைத்தாள். சாப்பிடலாம் என்று றபீக்கின் பக்கம் ஒரு பிடி இறால், கூடாது என்று தன் பக்கம் ஒரு கட்டுக் கீரை. றபீக் என் காதோரம், “பாவம், இந்தப் பிள்ளை மாத்தி வெச்சிட்டு” என்று சொல்லிவிட்டு, மரியாதையாக இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். அவருக்குக் கீரைதான் பிடிக்கும் போல என்று அவள் நினைத்துக்கொண்டு, “சொறி, சொறி” என்றபடி திரும்ப மாற்றினாள். அவர் மறுபடி மாற்றினார். மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அவரைக் குற்றம் சொல்ல ஏலாது. சாய்ந்தமருதில் என் வாப்பாவுக்குக் கொழுப்புக் கூடியபோது டொக்டர் முதலில் நிறுத்தியது இறாலைத்தான். உம்மா அன்றிலிருந்து முருங்கை இலையைத் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டி, மருந்து மாதிரி ஊட்டினா. இரத்தம் குறைந்தவர்களுக்கும், பிள்ளை பெற்றவர்களுக்கும், கண் மங்கியவர்களுக்கும் எங்களூரில் முருங்கை இலைதான். இங்கேயோ அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். மெஷின் உடம்பின் புரதத்தையும் உறிஞ்சிவிடுகிறது, இறால் அதை ஈடுசெய்யும், அதில் பொட்டாசியமும் குறைவு. கீரையில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் இருப்பது உண்மைதான், ஆனால் பொட்டாசியம் மிக அதிகம். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். இவருடையது தள்ளாது. இரத்தத்தில் அது ஏறினால் இதயம் நின்றுவிடும். நான் தலையாட்டினேன். மனதுக்குள், உம்மா இத்தனை வருடம் ஊட்டியது நஞ்சா என்று ஒரு நடுக்கம்.

மாவடிப்பள்ளியில் இருக்கிற மாமிக்கு, றபீக்கின் உம்மாவுக்கு, இதை நான் எப்படி விளங்கப்படுத்துவது? மகன் மெலிந்து கறுத்துப்போனதை வாட்ஸ்அப்பில் பார்த்துப் பார்த்து அழுதா. “ரத்தம் இல்லாத புள்ளைக்கு இலைக்கறி குடுக்காம நீ றாலைக் குடுக்கிறாய் எண்டு ஊரில சொல்றாங்க. உண்மையா மகள்?”

“டொக்டர்மார்தான் சொல்றாங்க, மாமி.”

“அந்த வெள்ளைக்காரனுக்கு முருங்கையைப் பத்தி என்ன தெரியும்?”

போன மாதம் அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு பொதி அனுப்பியிருந்தா. தன் கையாலேயே ஆய்ந்து, வெயிலில் காயவைத்து இடித்த முருங்கை இலைத் தூள். ஒரு கரண்டியில் ஒரு கொத்து இலையின் சத்து. பயத்தில் அதை எறியப் போனேன். றபீக் தடுத்தார். “குடு, பக்கத்து வீட்டு ஆக்களுக்குக் குடுப்பம்.” கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். நம்பினேன்.

ஒரு பின்னேரம் பாடசாலைக் கன்டீன் வேலை முடிந்து வந்தபோது அவர் தரையில் கிடந்தார். கால் தூக்க ஏலவில்லை. உதடு வெளிறி, நாடி விட்டு விட்டு அடித்தது. பக்கத்தில் சோற்றுத் தட்டும், கொடுத்துவிட்டதாகச் சொன்ன அந்தப் பொதியும். தூள் கலந்து சோறு பச்சை நிறமாக இருந்தது. அம்புலன்ஸில் வந்த பெண் என்னைப் பிடித்து உலுக்கி, “என்ன சாப்பிட்டார்?” என்று கேட்டாள். முருங்கைக்கு ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் வந்தது. “ட்றம்ஸ்டிக்! ட்றம்ஸ்டிக்!”

“சிக்கனா?” என்றாள். கோழிக்கால் தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்து அவர் வாயைத் திறந்து பார்த்தாள்.

“நோ சிக்கன்! லீஃப்! மரம், மரம்!” என்று தமிழும் ஆங்கிலமுமாகக் கத்தினேன். என் கணவர் சாகப்போகிறார், நான் கோழி இல்லை கோழி இல்லை என்று கத்திக்கொண்டிருக்கிறேன். கடைசியில் பொதியையே அவள் கையில் திணித்து, “பொட்டாசியம்” என்றேன். அந்தச் சொல்லோடு அவள் முகம் மாறியது.

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார்கள். அவர் கண்விழித்ததும் நான் அழுதபடி கேட்டேன். “ஏன் இப்படிச் செஞ்சீங்க? என்னை யோசிக்கல்லயா?”

அவர் சொன்னார். “உம்மாட கைபட்ட ஒரு வாய் திங்கணும் போல இருந்திச்சு புள்ள. இனி ஊருக்குப் போய்த் திங்க ஏலாது எண்டு எனக்குத் தெரியும்.” பிறகு என் கையைப் பிடித்தார். “உம்மாக்கு இதச் சொல்லிராத. தான் காயவெச்ச இலை எண்டு தெரிஞ்சா அவ உயிரோட இரிக்கமாட்டா.”

மாமி வாட்ஸ்அப்பில் கோல் எடுத்தபோது அவரே பேசினார். “ஓம் உம்மா, தூள் சாப்பிட்டன். இப்ப நல்ல சுகம்.” மாமி அங்கே குதூகலித்தது எனக்குக் கேட்டது. “பாத்தியா மகள், நான் சொன்னன்தானே!”

அந்தச் சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பது? உண்மையைச் சொன்னால் ஒரு தாய் உடைந்துபோவா. சொல்லாவிட்டால் பொதி வந்துகொண்டே இருக்கும். வரும் பொதிகளைத் தேடித் தேடி நான் எறிய வேண்டும். யாரிடம் போய் இதை அழுவது என்று தெரியவில்லை. தொழுகைப் பாயிலும் வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

இன்று காலை மாமி வீடியோ கோலில் வந்தா. அங்கே நல்ல வெயில். முற்றத்துப் பாயில் புது இலை காய்ந்துகொண்டிருந்தது. “அடுத்த பொதிக்கு” என்று கமராவைத் திருப்பிக் காட்டினா. இங்கே கட்டிலில் சாய்ந்திருந்த றபீக்குக்கு நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். தட்டு திரைக்கு வெளியே என் மடியில்.

“என்ன மகள், அவன் வாயில என்ன?”

“முருங்கை இலை, மாமி.”

“அல்ஹம்துலில்லாஹ். நல்லாக் குடு.”

உரித்த இறால் ஒன்றைச் சோற்றோடு உருட்டினேன். றபீக், மாமியின் முற்றத்துப் பாயில் பரவிக் கிடந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, அடுத்த உருண்டைக்காக என் பக்கம் வாயைத் திறந்தார்.